சிவப்பு நூலில் ஒரு பெயர்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாடிப்படியைக் கண்டால் முழங்கால் முனகுகிறது, சமையலறைக் குழாய் சொட்டுகிறது, இந்த இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிய மனிதர் புதன்கிழமை எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் என்றால் நீ அழ ஆரம்பிப்பாய், நான் உடனே அங்கே மழையா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். குழாய்க்காரர் மூன்று வாரமாக நாளைக்கு வருகிறார். மேல்வீட்டு நர்ஸுக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிவிட்டது, போகும்போது தன் பூந்தொட்டிகளை எல்லாம் அம்மாவின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள். போன வாரம் குட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது நீ ஒரே நாளில் பதினான்கு தடவை தெர்மாமீட்டர் வைத்ததாக மாப்பிள்ளை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கழுத்தைச் சொறிந்தால்கூடப் பள்ளிக்கு அனுப்பாமல் மடியில் வைத்துக்கொள்கிறாயாம். அவருக்கு ஏன் என்று தெரியாது. எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

குழந்தைகள் இல்லத்துக்கு நான் வாரத்தில் மூன்று நாள் போவது உனக்குத் தெரியும், அங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் துணி அறை என்று ஒன்று இருக்கிறது, ஊரார் கொடுக்கிற பழைய துணிமூட்டைகள் அங்கேதான் வந்து இறங்கும். ரிட்டயரான தபால்காரர் ஒருவர் மூட்டையை அவிழ்த்து அளவு வாரியாகப் பிரிப்பார், நான் பெயர் எடுப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் துணியில் காலருக்குள்ளேயோ பாக்கெட்டுக்குள்ளேயோ பெயர் தைத்திருப்பார்கள் அல்லவா, அதை ஒரு சின்னக் கத்தரியால் நூல் நூலாகப் பிரித்து எடுத்த பிறகுதான் துணி உள்ளே போக வேண்டும். இன்னொரு பிள்ளையின் பெயரை எந்தப் பிள்ளையும் முதுகில் சுமக்கக் கூடாது என்பது இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாவின் கண்டிப்பு. தபால்காரர் என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பார், "முப்பது வருஷம் நான் பேரைப் பாத்துப் பாத்துக் குடுத்தேன், நீங்க பேரைப் பிச்சுப் பிச்சுக் குடுக்கிறீங்க, நம்ம ரெண்டு பேருக்கும் எப்படித்தான் ஒத்துப்போகுதோ" என்பார். அம்மா இல்லத்துக்கு வரவே மாட்டாள். வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குக் குல்லாய் பின்னிக் கொடுப்பாள், அதுவும் பிறந்த குழந்தை அளவில் மட்டும். கொஞ்சம் பெரிய அளவில் கேட்டால் கண் தெரியவில்லை என்று சொல்லிவிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் எவ்வளவு நல்ல மனசு என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, கத்தரியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், வெளியே தாழ்வாரத்தில் ஒரு பிள்ளை உன் தம்பி, நம் சின்னவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, எழுதாமலே உனக்குக் கேட்கும். பத்தொன்பது வருஷமாக நம் வீட்டில் யார் வாயிலும் வராத பெயர். ஒரு பெயர்தானே, ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. மூன்றாவது தடவைக்கு முன்னால் அவன் என்றைக்காவது வந்திருக்கிறானா, நீயே சொல். தபால்காரர் என்ன சார் வேர்த்துக்கொட்டுது என்றார், நான் ஒன்றுமில்லை என்று எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, முடியை ஒட்ட வெட்டியிருந்தது, ஜிப் வைத்த நீலக் குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு நின்றது. நம் நீல ஜாக்கெட். பத்தொன்பது வருஷம் கழித்து வாசலில் நிற்கிறது, முழங்கை ஒட்டுகூட அப்படியே இருக்கிறது.

பிறகு விசாரித்ததில்தான் விஷயம் புரிந்தது. அந்தக் குழந்தையை எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், காகிதங்கள் பின்னால் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, பெயர் கேட்டால் தரையைப் பார்க்குமாம். மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, காலரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள், சிவப்பு நூலில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. அது ஆண்பிள்ளைப் பெயரா பெண்பிள்ளைப் பெயரா என்ற கவலை எல்லாம் அவர்களுக்கு இல்லை, அன்றைக்கே வைத்துவிட்டார்கள். முதல் இரண்டு தடவை தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதற்கு உறைக்காது, மூன்றாவது தடவைதான் திரும்பும், அவ்வளவுதான் காரணம். இதை நான் எனக்கே தினமும் சொல்லிக்கொண்டேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஜாக்கெட் எப்படி அங்கே போனது என்றால், என் முட்டாள்தனம். அம்மா கண்ணில் பட வேண்டாம் என்று வருஷக்கணக்கில் அதை இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தவன் நான், கடைசியாகப் பழைய கம்பளிகள் இருந்த பையில் திணித்து வைத்து அப்படியே மறந்துவிட்டேன். குளிர் ஆரம்பித்ததும் அம்மா அந்தப் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கட்டி, இல்லத்துக்குக் கொண்டுபோங்கள் என்று கொடுத்தாள். நானும் நம் வீட்டு மூட்டைதானே, இதில் என்ன பெயர் இருக்கப்போகிறது என்று பிரிக்காமல் உள்ளே தள்ளிவிட்டேன். ஊரார் பிள்ளைகளின் பெயரை எல்லாம் தேடித்தேடி எடுத்தவன், நம் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டேன்.

அப்புறம் வீட்டிலும் அந்தக் குரல் வர ஆரம்பித்தது. சவரம் செய்யும்போது, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, யாரோ இரண்டு தடவை கூப்பிட்டு நிறுத்துவது மாதிரி இருக்கும், நான் அப்படியே நின்று மூன்றாவது தடவைக்குக் காத்திருப்பேன். அம்மா என்னைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். போன வாரத்துக்கு முந்தைய வாரம் அந்தக் குழந்தை துணி அறைக்குள் வந்து என் முன்னால் நின்றது, ஜாக்கெட்டின் ஜிப் ஏறவில்லை. அந்த ஜிப்பின் கோணல் உனக்கு நினைவிருக்கும், நீயும் அம்மாவும் எவ்வளவு போராடியிருக்கிறீர்கள். அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பல்லை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், நம் வீட்டில் என் கைக்கு மட்டும்தான் அது மசியும். நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது. கழுத்து வரை சர்ரென்று ஏற்றிவிட்டேன். குழந்தை மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றது, அவன் நிற்பது போலவே. அன்று நான் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன், பஸ்ஸில்கூட ஏறவில்லை, நடந்தே வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காகிதங்கள் வந்துவிட்டன. அந்தக் குழந்தைக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறது. பொறுப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "காலர்ல இருக்கிறதை எடுத்துடுங்க சார், உங்க கண்ணுக்கே தப்பிடுச்சு பாருங்க" என்றார். குழந்தை ஜாக்கெட்டைக் கழற்றவே விடவில்லை. விட்டிருந்தாலும் என்னால் முடிந்திருக்காது. அந்தப் பெயர் நீ எட்டாம் வகுப்பில் தையல் பாடத்துக்காகத் தைத்தது, கடைசி எழுத்து கோணி, பிரித்துத் தைக்கிறேன் என்று நீ கேட்டும் அவன் விடவில்லை. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் இல்லை, பத்தொன்பது வருஷமாகச் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன்.

அன்று காலை அம்மாவுக்கு பேக்கரியில் விடியற்கால ஷிஃப்ட், நமக்கு முன்னால் கிளம்பிவிட்டாள். நீ வாசற்படியில் நின்று அவனை இரண்டு தடவை கூப்பிட்டாய், வரவில்லை, கோபித்துக்கொண்டு நீ மட்டும் பள்ளிக்குப் போய்விட்டாய். நான் அதற்கு முன்பே பஸ் டிப்போவுக்குப் போய்விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். நான் குளியலறையில்தான் இருந்தேன். நீ போனபிறகு மூன்றாவது தடவை நான் கூப்பிட்டேன். அவன் வந்தான். அப்பா, கழுத்து வலிக்குது என்றான். எனக்குப் பஸ் எடுக்க நேரமாகிவிட்டது, கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான் என்று நினைத்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றி, பள்ளி வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு டூட்டிக்கு ஓடினேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த 'முடியாது' என்பதைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். "நான் விட்டுட்டுப் போனதாலதான் காய்ச்சலோட தனியா நடந்து வந்தான்" என்று நீ சுவரில் முட்டிக்கொண்டு அழுதாய். அவன் தனியாக நடக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணின் தலையில் என் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, ஊருக்கு நல்லவனாக உலாவியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள், "பள்ளிக்கூடத்திலேர்ந்து கூப்பிட்டாங்கன்னு நான்தான் முதல்ல ஓடினேன். பெஞ்சுல படுக்க வெச்சிருந்தாங்க, ஜிப் கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. அதை உங்களைத் தவிர யாரால ஏத்த முடியும்? எனக்கு அப்பவே தெரியும்." பத்தொன்பது வருஷம். என்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தாளாம், காத்திருந்து காத்திருந்து அதுவே பழகிவிட்டதாம். மகள் மனதில் என்ன இருக்கிறதென்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த தன்னையும் திட்டிக்கொண்டாள், என்னையும் திட்டினாள், அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "பெரியவளுக்கு எழுதுங்க, நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் எழுதணும்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, இல்லத்துக்குப் போகலாம் வாருங்கள் என்றாள்.

அங்கே நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா நேராகப் போய் அந்தக் குழந்தையை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, போட்டிருக்கும்போதே காலரை மட்டும் திருப்பி, கண் தெரியவில்லை என்று சொல்கிறவள், ஒரு நூல் அறாமல் பிரித்து எடுத்தாள். அந்தக் குழந்தையின் சொந்தப் பெயரை அதே இடத்தில் மஞ்சள் நூலில் தைத்தாள், அது உன்னுது, யாரும் பிரிக்க மாட்டாங்க என்றாள். அடுத்த நாள் தாழ்வாரத்தில் புதுப் பெயரைக் கூப்பிட்டார்கள், முதல் தடவையிலேயே ஓடும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் என் காது இன்னும் வாசல் பக்கமேதான் இருக்கிறது, பழைய பெயரைக் கூப்பிட இனி அங்கே யாரும் இல்லை. அம்மா இப்போது ஏழு வயது அளவில் ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள், யாருக்கு என்று கேட்டால் வேலையைப் பாருங்கள் என்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனதில் பாரம் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. குட்டிக்குத் தெர்மாமீட்டர் ஒரு தடவை வைத்தால் போதும், ஆனால் நெற்றியில் கை வைத்துப் பார்க்காமல் ஒரு நாளும் அனுப்பாதே. என் மேல் கோபமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் பேசு, நான் காத்திருப்பேன், நீ எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாலும் சரி. இந்தக் காகித மடிப்புக்குள் கொஞ்சம் சிவப்பு நூல் இருக்கும், தூசி என்று ஊதிவிடாதே. தனக்கு ஒரு மாமா இருந்தான் என்று குட்டிக்கு இன்னும் தெரியாது, அவளை உட்காரவைத்து அவன் பெயரைச் சொல்லிக் கொடு. முதல் தடவை வாயில் வராது, இரண்டாவது தடவை பாதியிலேயே நின்றுவிடும், எனக்கும் அப்படித்தான் ஆனது. மூன்றாவது தடவை வந்துவிடும்.

இப்படிக்கு,
அன்று வீட்டில் இருந்த உன் அப்பா