ஓர்வியேத்தோ கிணற்றிலிருந்து ஏறி வந்த பிறகு

பசுந்தாங், யாங்கோன்.

அன்பு மகன் டேவிட்டுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். இங்கே நானும் உன் அக்கா லதாவும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், அப்படியே எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, பாதியில் லைனும் போய்விடுகிறது. அதனால் தாளில் எழுதி லதாவிடம் கொடுக்கிறேன், அவள் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

அப்பாவுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். கீழ்வீட்டு ஷம்சுதீன் அண்ணன் சொன்னதை எழுதுகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா அங்கே எல்லாரிடமும் "எம் பொஞ்சாதி இத்தாலியில மலைமேல ஒரு ஊரச் சுத்திப் பாத்துக்கிட்டிருக்கா, முட்டிவலி இல்லாட்டி நானும் போயிருப்பேன்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாராம். பேசிக்கொண்டே ஷம்சுதீன் அண்ணன் தோளில் சாய்ந்துவிட்டார். டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "வலின்னு ஒரு வார்த்தை சொல்லலம்மா, தூங்குற மாதிரிதான் சாஞ்சாரு" என்று அண்ணன் என்னிடம் மூன்று நான்கு தடவை சொல்லிவிட்டார். பாவம், அந்தத் தோளைத் தடவிக்கொண்டே சொல்கிறார்.

அந்த நேரம் இத்தாலியில் காலை, நாம் ஓர்வியேத்தோவில் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். படங்களை அழித்துவிடவா என்று கேட்கிறாய். வேண்டாம், இருக்கட்டும். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, யாருக்கோ நடந்தது போல இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பெட்டி போன்ற அந்த ரயில் நம்மைச் சாய்வாக மேலே ஏற்றிக்கொண்டு போனது. கிணற்றைச் சுற்றி இரண்டு படிவரிசைகள், இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் போவதற்காக, அந்தக் காலத்தில் கோவேறு கழுதைகள் தண்ணீர் சுமந்தன என்று நீ சொல்லிக்கொண்டு வந்தாய். மேலே வந்து மூச்சு வாங்கும்போதுதான் லதா போனில் கூப்பிட்டுச் சொன்னாள். நீ நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் உன்னை எழுப்பி, வந்தது வந்தோம், மாதா கோயிலுக்குள் போய்விட்டுப் போகலாம் என்றேன். அப்படி எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முகப்பெல்லாம் தங்கமாக மின்னியது, உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கல் வரிகள். முழந்தாளிட்டேன், ஜெபம் வரவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் போட்டிருந்த செருப்பு நல்ல செருப்பாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் பள்ளத்தாக்கின்மேல் நீளப் பாலம் போட்ட கிராமத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தாய், அதற்குப் போகவில்லை.

என்னை உன்னிடம் கூப்பிட்டதால்தான் இப்படி ஆனது என்று நீ நினைக்கக் கூடாது. நான் தயங்கியபோது, "போயிட்டு வந்து எனக்குச் சொல்லு, நான் பாத்த மாதிரி வச்சுக்கிறேன்" என்று பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தவரே அவர்தான்.

நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கரண்டு இல்லை, வெயில், ஐஸ் நிற்கவில்லை, கோயில் சாமியாரும் லதாவும் பேசி முடிவெடுத்தார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. விமானத்தில் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் அழுதார்கள், அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அப்பாவுடைய சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று இப்போது என்னோடு வந்து தங்கியிருக்கிற லதாதான் ருசி பார்க்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

நாற்பதாம் நாள் பூசைக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டதாக லதாவிடம் சொன்னாயாம். வராதே. உன் வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள், வந்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள். தாமுவேயில் லதாவுடைய வீடு இருக்கிற தெருவில் சிவராஜ் என்று ஒருவர், அவர் மகன் தங்கச்சி கல்யாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்றே அவர்களுக்குத் தெரியாது.

முந்தாநாள் வார்டு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டோ ரோஸ் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் ஆம்பளைகள் யார் யார் என்று பர்மியில் கேட்டார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், வரமாட்டான் என்றேன். புருஷன் எங்கே என்றார்கள். உள்ளே குளிக்கிறார் என்று சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. சரி, அவர் வரட்டும் என்று அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நானும் எதிரே உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து காத்திருந்தேன் டேவிட். லதா வேலை முடிந்து வந்து, "அம்மா, யாருக்காக உக்காந்திருக்க?" என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. லதா பர்மியில் விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் எழுந்து கைகட்டி நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

மகன் வரமாட்டான் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். பூசையை நானும் லதாவும் பார்த்துக்கொள்கிறோம், நீ அங்கே எந்தக் கோயில் திறந்திருக்கிறதோ அங்கே போய் உட்கார். வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், அப்பாவுடைய ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று இன்றைக்கே லதாவுக்குச் செய்தி போடு, அதைப் பார்த்த பிறகுதான் படுப்பேன்.

உன் அம்மா,
ரோஸ் ஞானசுந்தரம்