மரத்துண்டு கைமாறாத நாள்

இன்று காலை வைத்திக்குப்பத்தில் சங்கரா மீன் வாங்க நின்றேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் குருமடத்து வெள்ளிக்கிழமைச் சாப்பாடும், எதிரே உட்கார்ந்திருக்கும் உன் முகமும் நினைவுக்கு வந்துவிட்டன. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். என் கோபம் மட்டும் போகவில்லை.

கிறிஸ்தவச் சாமியாராகப் படிக்கப் போன நமக்கு விடிந்தது முதல் இரவுச் சாப்பாடு வரை லத்தீன்தான். உப்பு வேண்டுமென்றால் "தா மீகி சாலெம்". பல்வலிக்கு, மழைக்கு, பந்து விளையாட்டில் வரும் தகராறுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு வாக்கியம் இருந்தது. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே ஒருவரையொருவர் கேட்டுப் படித்தோம். உனக்கு உடனே வந்துவிடும். என் நாக்கு தடுமாறும், நீ சிரிப்பாய். அப்போது அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தமிழ் பேசி மாட்டிக்கொள்கிறவன் கையில் ஒரு மரத்துண்டைத் திணித்துவிடுவார்கள். அவன் தமிழ் பேசும் இன்னொருவனைப் பிடித்து, அதை அவன் தலையில் கட்டும்வரை வாசலைத் தாண்டக் கூடாது.

அன்று ரெட்டியார்பாளையத்திலிருந்து அண்ணன் சைக்கிளில் வந்து, அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்றார். பதறிப்போய்த் தமிழில் கேட்டுவிட்டேன். துண்டு அப்போது உன்னிடம் இருந்தது. பின்னாலேயே வந்து என் கையில் வைத்தாய். நான் கெஞ்சினேன்.

"ஒரு வார்த்த தமிழ்ல பேசுடா. உங்கிட்ட குடுத்துட்டு ஓடிடறேன்."

"நோன் இந்தெல்லெகோ" என்றாய். புரியவில்லையாம். உச்சரிப்பு மட்டும் சுத்தம்.

சாயங்காலம் வேறொருவன் வாய் தவறினான். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். என்ன சொல்ல நினைத்தாளோ, இன்றுவரை தெரியாது.

குருமடத்தை விட்டேன், லத்தீனை விடவில்லை. உன்னைக் கடற்கரையில் பார்த்தாலும் கோயில் வாசலில் பார்த்தாலும் லத்தீனில்தான் நலம் விசாரித்தேன். நாலு பேர் முன்னால் நீ நெளிவாய். நீ தமிழில் வாயைத் திறந்தால் நடையைக் கட்டிவிடுவேன். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆள் அனுப்பினாய். வந்தேன். மூச்சு வாங்க, என் வழிக்கே வந்து, "இஞ்ஞோஷே மீகி" என்றாய். மன்னித்துவிடு என்று.

இத்தனை வருடம் கழித்து உன்னிடம் தமிழில் பேசினேன்.

"லத்தீன்லாம் மறந்துபோச்சுடா."

பொய். அதற்குச் சொல்ல வேண்டிய பதில் அப்போதும் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. உனக்குத் தர மாட்டேன்.