ஊர் உறங்கியும் சாயாத வெயில்

6 யூன் 2006, செவ்வாய்
மழை விட்டுவிட்டது. வாங்க: உளுந்து, தயிர், பற்றரி.
மாலை ஒஸ்லோ ட்வெய்ட்டாவில் பாட்டுக்குழு. இம்முறை ஒரு போலந்துப் பாட்டு. சொற்கள் செக் நாட்டில் அகப்பட்ட பழைய ஏட்டிலிருந்து வந்தவையாம். நல்ல பாட்டு. எழுதினது யார் என்று நடத்துநர் டனூத்தாவிடம் கேட்டேன். எங்கள் பாட்டென்றால் கடைசி அடியில் எழுதியவர் தன் பெயரை வைத்திருப்பார் என்றேன். சிரித்தாள், போலந்துக்காரி. அந்த ஏடே பொய்யாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ தாங்களே எழுதி, மத்தியகாலத்து ஏடு என்று ஊரை நம்பவைத்தார்களாம். போலந்து இசையமைப்பாளர்களும் உருகி உருகி இசையமைத்தார்கள். அந்தக் காலத்தில் இருக்கவே முடியாத சொற்கள் உள்ளே. அதுதான் காட்டிக்கொடுத்ததாம். சொந்தப் பெயரில் தந்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றாள்.

8 யூன், வியாழன்
ரொம்மனில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. சனிக்கிழமை விழாவுக்கு முருகன் மேல் ஒரு பதம். என் மனுசன் தங்கள் ஊர்க் கோயில் ஏட்டில் இருந்தது என்று தந்தது. "ஊர் உறங்கியும் வெயில் சாயவில்லை, அவன் வரவில்லை" என்று நாயகி ஏங்குகிறாள். பிரிவுத்துயரின் மிகை என்று விளக்கினேன்.
வகுப்பு முடிந்து வரும்போது, இரவுச் சாப்பாட்டு நேரம், கண்ணைக் குத்தும் வெயில். டனூத்தா சொன்னது ஞாபகம் வந்தது. ஐயோ. யாழ்ப்பாணத்தில் ஏழு மணிக்கு இருட்டு. எந்தக் கோயில் ஏட்டில் இந்த ஒஸ்லோ வெயில்? கடைசி அடியில் பெயரும் இல்லை. மாலை பஸ் ஓட்டி இந்த வெயிலில் வீடு திரும்புகிற என் மனுசன் எழுதியது.

9 யூன், வெள்ளி
காலைத் தேத்தண்ணியோடு கேட்டேன். ஏடு என்று தொடங்கினார். வெயிலைச் சொன்னேன். கோப்பையையே பார்த்தார்.
"பழசு எண்டால்தானே நீர் பாடுவீர்."
சுட்டது. கோபத்தில் கத்திவிட்டேன். எல்லாருக்கும் ஏட்டுப்பாட்டு என்று பெருமையடித்தது நான், நாளை மேடையில் அறிவிப்பதும் நான். பாட்டை விட்டுவிடச் சொன்னார். பெயரை மட்டும் சொல்லக்கூடாதாம், சனம் பகிடி பண்ணுமாம். மத்தியானம் வேலைக்குப் போய்விட்டார்.
பெயரோடு தந்திருந்தால் நாலு வரி வாசித்து, பிழை பிடித்து, மூடி வைத்திருப்பேன். அது இவருக்குத் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்க மனசு சரியில்லை. ஆனால் பாட்டு நல்ல பாட்டு.

10 யூன், சனி
மேகம். பச்சைச் சேலை. மண்டபம் நிறைய ஆட்கள். இவர் பின்பக்கம், வடைச் சட்டியோடு.
ஏடு, கோயில் ஒன்றும் சொல்லவில்லை. ஒஸ்லோவில் எழுதின பாட்டு, எழுதினது என் மனுசன் என்று பெயரைச் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார். பிள்ளைகள் பாடினார்கள். வெயில் அடி வந்ததும் முன்வரிசையில் ஒரு பெண், "ஓமப்பா, உண்மைதான்." அதற்குப்பிறகு சிரிப்பில்லை.
திரும்பும் ரெயினில் இவர் வெறும் வடைச் சட்டியை மடியில் வைத்திருந்தார். பிறகு, வெளியே பார்த்தபடி:
"மூண்டாவது அடியில தாளம் இடறுது, என்ன?"
ஓம் என்றேன். பழைய பாட்டு என்று நான் கை வைக்காமல் விட்ட இடம்.