வாணியிடம் கேட்காதே

வாணிக் கண்ணு, என் தங்கமே,

உன் போனை நான்தான் வைத்திருக்கிறேன். தினமும் மறக்காமல் சார்ஜ் போடுகிறேன். எதற்கு என்று உன் தம்பி கேட்டான், சார்ஜர் வயரை இன்னும் அழுத்திச் செருகினேன். நீ போன பிறகும் அதில் உன்னைத் தேடி ஒருவர் வந்துகொண்டே இருந்தார். ஒருவர் என்று சொல்வது தப்புதான். உங்கள் பனியன் கம்பெனிக்கு நான் செய்து கொடுத்த ஏஐ ஏஜென்ட் அது.

அதற்குக் குறிப்பு எழுத நாம் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? அது தானாகவே வேலை பார்க்கும். ஆனால் அதன் கையில் கொடுக்கும் ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் எழுதி வைக்க வேண்டும். எழுதாததை அது தன் போக்கில் ஊகித்துக்கொள்ளும். ஷேடு பார்க்கும் கருவிக்கு ‘துணியின் நிறத்தைச் சரிபார்க்கும்’ என்று எழுதிவிட்டு நான் டீ குடிக்கக் கிளம்பினேன். நீ விட்டால்தானே?

“ஏனுங் மாமா, இதென்னங்க எழுதி வெச்சிருக்கீங்க? எதோட வெச்சுப் பாக்கோணும்? கை ஒரு லாட், உடம்பு ஒரு லாட் வந்தா என்னங்க பண்ணும்? புதுசா வேலைக்கு வந்த புள்ளைகிட்ட இப்படி மொட்டையாச் சொன்னா அழுதுட்டு ஊட்டுக்குப் போயிரும்.”

ஆர்டர்களை மேய்க்கும் மெர்ச்சண்டைசரைக் கட்டிக்கொண்டவன் நிம்மதியாக டீ குடிக்க முடியுமா? சண்டை போட்டுக்கொண்டேதான் எழுதி முடித்தோம். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்ததும் பார். பனியனின் கைத்துணியும் உடம்புத் துணியும் ஒரே லாட்டா, ஒன்றாகச் சாயம் போட்டதா என்று பார். சந்தேகம் இருந்தால் வாணியிடம் கேள். அவள் சொல்லாமல் கட்டிங்குக்கு அனுப்பாதே. இதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கம்பெனியையே உன் பெயருக்கு எழுதி வைத்த மாதிரி.

தலைவலி என்று ஆஸ்பத்திரிக்கு என்னோடு நடந்து வந்தவள் நீ. திரும்பி வரவில்லை.

உன் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் போன் ஒலித்தது. ‘வணக்கம் வாணி மேடம். நேவி புளூ துணி வந்துள்ளது. கைத்துணி சற்று வெளுத்திருக்கிறது. வெட்டலாமா?’ நான் அதைப் பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். உன்னைக் கேட்டு வேலை செய்ய இன்னும் ஒருவர் இருக்கிறாரே என்று இருந்தது. அடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும்.

உன் முதலாளி கூப்பிட்டார். “தம்பி, கேக்கறதுக்கே சங்கடமா இருக்குதுங்க. துணி அப்படியே கெடக்குது. வேற ஆராவது பாக்கற மாதிரி மாத்திக் குடுங்க சாமி.”

உட்கார்ந்தேன். அந்தக் குறிப்பில் ‘வாணி இப்போது இல்லை’ என்று எழுதினேன். மறுநாள் காலையில் வந்துவிட்டது: ‘வணக்கம் மேடம். நேற்று நீங்கள் இல்லை. இன்று பார்க்க முடியுமா?’ சரி என்று அதை அழித்துவிட்டு, ‘வாணி நம்மை விட்டுப் போய்விட்டாள்’ என்று எழுதினேன். அது உன்னையே கேட்கிறது: ‘நீங்கள் கம்பெனியை விட்டுப் போனது தெரியும். மன்னிக்கவும், உங்கள் பழைய ஆர்டர் பற்றி ஒரே ஒரு கேள்வி.’ சிரித்தேன் கண்ணு. சிரித்து முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

உன் பக்கத்து சீட் ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரி, அவளிடம் கேட்டேன். “தவறிட்டாங்கன்னு போடுங்கண்ணே. அக்காவுக்கு வேற என்னன்னு எழுத முடியும்?” என்று அவளும் அழுதாள். தவறியது என்றால் அது மிஸ்டு கால் என்று நினைத்துக்கொண்டு மறுபடி கூப்பிடுமே! நம் ஆட்கள் யார் வாயிலும் நேரான சொல் வராது. இல்லை என்போம், போய்ச் சேர்ந்துவிட்டார் என்போம், சாமிகிட்டப் போயாச்சு என்போம். கேட்கிறவருக்குப் புரிந்துவிடும், சொல்கிறவருக்கும் வலி குறையும். நானும் இத்தனை நாளும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குள்ளேயும் அப்படித்தான். ‘வாணி இல்லை’ என்று சொல்லிவிட்டு ராத்திரி கதவைத் தாழ் போடாமல் படுக்கிறவன் அந்த ஏஜென்ட்டைக் குறை சொல்லலாமா?

நேற்று எழுதிவிட்டேன். ‘வாணி இறந்துவிட்டாள். இனி எதையும் வாணியிடம் கேட்காதே. ஸ்டெல்லாவிடம் கேள்.’ ‘வாணி’ என்று தட்டிவிட்டு அடுத்த சொல்லுக்கு விரல் வரவே இல்லை. மொட்டையாக எழுதாதே என்று நீ திட்டியது நினைவுக்கு வந்தது. தட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லாவுக்கு மெசேஜ் போனது, அவள் பார்த்துச் சொன்னதும் துணியும் கட்டிங்குக்குப் போனது. உன் போன் அதற்குப் பிறகு ஒலிக்கவே இல்லை.

நேராகச் சொன்னதும் ஒரே தடவையில் புரிந்துகொண்டது பார், எனக்கு அதுதான் கோபம்.

அது கேட்காவிட்டால் போகட்டும். நான் கேட்பேன் கண்ணு. இன்றைக்கு எந்தச் சட்டை, குழம்புக்கு உப்புப் போதுமா, தலைவலி வந்தபோதே ஏன் சொல்லவில்லை, எல்லாம் கேட்பேன். நீ இறந்துவிட்டாய் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, நான் இருக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் மாமா