எட்டுக் கைப்பிடி மாவு

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் நலம் நாலு நாளைக்கு ஒரு தடவை ஃபோனில் தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன், கேட்டுவிடுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த விடுதிச் சமையற்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, ஒரு முக்காலி கேட்டு வாங்கிக்கொள். நூற்றைம்பது பேருக்குச் சமைத்துப் போடுகிறவளுக்கு ஒரு முக்காலி கொடுக்க அவர்களுக்கு என்ன கேடு?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ நெற்றியைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஃபோனில் நான் ஒரு வரி சொன்னால் நீ ஒன்பது வரி சொல்லுவாய், நான் சொல்ல வந்தது அதில் அடித்துக்கொண்டு போய்விடும். அதோடு, உள்ளே ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். அது ஃபோனில் வராது. கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதைப் பிரி. இதற்குள் பிரித்திருப்பாய், உன்னைத் தெரியாதா? பரவாயில்லை, திரும்ப மடித்து வை.

இன்னும் இரண்டு வருட வேலைக்கு மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னாயே, அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் அடித்துச் சொன்னார்கள்.

விஷயம் பிஸ்கட்டில் ஆரம்பித்தது. நம் குண்டூசியின் பள்ளியில் நூலகத்துக்குப் புதிய அலமாரிகள் வாங்கப் போகிறார்களாம். அதற்காக ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் செய்த தின்பண்டம் கொண்டுவந்து பள்ளியிலேயே விற்க வேண்டும். கடையில் வாங்கியது கூடாது. இந்தச் சீட்டு வந்து பத்து நாள் ஆகியிருக்கிறது, எனக்குத் தெரியாது. வகுப்பு டீச்சர் வாசலில் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ணு ஒண்ணும் கொண்டு வர முடியாதுன்னு சொல்லிட்டாளே, ஏன்னு கேட்டா அம்மா ஊர்ல இல்லைன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாளே என்றார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இங்கே உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் விடுமுறைக்கு வருகிறேன் என்று சொல்லி வர முடியாமல் போனதே, அன்றிலிருந்து அவள் உன் ஃபோனுக்கு வருவதில்லை. குளிக்கிறாள், தூங்குகிறாள், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னதெல்லாம் பச்சைப் பொய். எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். ஆனால் ஒன்று, உன் குரல் கேட்கிற தூரத்தில்தான் எப்போதும் உட்காருவாள். அந்தப் பென்சில்கள் எல்லாம் இப்போது சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டன.

டீச்சரிடம் கண்டிப்பாகக் கொண்டு வருவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முதலில் பேக்கரியில் வாங்கி நம் டப்பாவில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொன்னபோது அவள் பார்த்தாளே ஒரு பார்வை, அப்படியே உன் பார்வை. அதனால்தான் போன வெள்ளிக்கிழமை உன்னிடம் அந்த வெண்ணெய் பிஸ்கட் எப்படிச் செய்வது என்று கேட்டேன். நீயும் வேலை அவசரத்தில் கடகடவென்று சொன்னாய். மாவு எட்டுக் கைப்பிடி, சர்க்கரை மூன்று கைப்பிடி, வெண்ணெய் ஒரு பாக்கெட், உப்பு ஒரு சிட்டிகை. டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பதினெட்டு வருடமாகக் கலவை போடுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று உன்னிடம் பெருமையடித்ததும் நான்தான். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் சின்ன ஓவன் மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். நீ போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. எட்டுக் கைப்பிடி மாவை எண்ணிப் போட்டேன். வெண்ணெய் சேர்த்தால் மாவு சேரவே மாட்டேன் என்கிறது, வறண்ட மணல் மாதிரி உதிர்கிறது. சரி, ஈரம் போதவில்லை என்று என் தொழில் புத்தி சொன்னது. பால் ஊற்றிப் பிசைந்தேன். ரசமட்டம் வைத்துத் தளம் பார்த்து, மூலைமட்டம் வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. வெந்து ஆறியதும் ஒன்று கை தவறிக் கீழே விழுந்தது. பிஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் டைல்ஸ் ஒட்டிய தரையில்தான் ஒரு ஓரம் பெயர்ந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

இரண்டாவது தடவை பயந்துபோய் மாவைப் பாதியாகக் குறைத்தேன். சர்க்கரையைக் குறைக்க மறந்துவிட்டேன். எல்லாம் உருகி ஒன்றாகி, தட்டு முழுக்க ஒரே பாளமாகப் பரவிவிட்டது. சுரண்டி எடுக்க நான் சிமெண்ட் பூசுகிற கரணைதான் வேண்டியிருந்தது. (புதுக் கரணை, கழுவிவிட்டுத்தான் சுரண்டினேன், நீ ஆரம்பிக்காதே.)

இதெல்லாம் நடக்கும்போது குண்டூசி சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள், உள்ளே வரவில்லை. நான் அட்டையைப் பார்த்து உனக்குக் கணக்கே தெரியாது என்று புலம்பினேன். எட்டு என்றால் எட்டுத்தானே போட்டேன், உங்கம்மா வேண்டுமென்றே தப்பாகச் சொல்லியிருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டேன். கோபம், என்ன செய்ய. அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். அம்மா ஒண்ணும் தப்பா சொல்லலை, உங்க கை வேற, அம்மா கை வேற என்றாள்.

நான் என் கையைப் பார்த்தேன். உன்னுடைய ஒரு கைப்பிடியும் என்னுடைய ஒரு கைப்பிடியும் ஒன்றா? உன் மோதிரம் இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் என் ஒரு விரலுக்குப் பத்தாது. பதினெட்டு வருடம் கலவை போட்டவனுக்கு இது உறைக்கவில்லை, பதினோரு வயதுப் பெண்ணுக்கு உறைத்தது.

சரி, இப்போது உன் கைக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவள் சர்க்கரை டப்பா வைக்கிற கீழ் அலமாரியைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, கதவின் உள்பக்கத்தைக் காட்டினாள். உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் இந்த மூன்று வருடமாகத் தெரியாது. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து பென்சிலால் கை வரைந்தீர்களாமே. பெரிய கை உன்னுடையது. அதற்குள்ளே ஒரு சின்னக் கை, ஒரு கோழிக்குஞ்சு மாதிரி.

வீட்டுக்கு வண்ணம் அடித்தபோது அந்தக் கதவை மட்டும் பெயின்டர் தொடக் கூடாது என்று குறுக்கே நின்று அழுதாள். என்ன அசட்டுப் பிடிவாதம் இது என்று நான் திட்டினேன். ஒரு அடிகூட வைத்தேன். அதை இன்று நினைத்தால் கை கூசுகிறது.

அவள் தன் வலது கையை அந்தப் பெரிய கை மேல் வைத்தாள். அடிக்கடி வைத்துப் பார்க்கிறவள்தான், வைத்த விதத்திலேயே தெரிந்தது. கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. கட்டைவிரல், சுண்டுவிரல், உள்ளங்கை எல்லாம் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டன. அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, இப்ப நான் போடறேன், நீங்க தள்ளிக்கோங்க என்றாள். எட்டுக் கைப்பிடி போட்டாள். மூன்று கைப்பிடி போட்டாள். மாவு அப்படியே திரண்டு வந்தது, பால் கீல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வெந்து வந்ததை ஒன்று எடுத்து வாயில் போட்டேன். நீ செய்ததேதான். அவளும் ஒன்று தின்றாள். தின்றுவிட்டு, ஓவன் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வெகு நேரம் தட்டைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் யார் செய்தது என்று அட்டை வைக்க வேண்டும். இவள் எழுதியிருந்தது: அளவு அம்மா, கை நான், பாத்திரம் கழுவியது அப்பா. என் முதல் தட்டையும் விடவில்லை. அந்தக் கருங்கற்களையும் ஓரமாக அடுக்கி, பல் உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டும் என்று தனி அட்டை வைத்துவிட்டாள். நம்பினால் நம்பு, முதலில் காலியானது அதுதான். விளையாட்டு வாத்தியார் சவால் விட்டு ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்தார். கடைசியில் பையில் போட்டுக்கொண்டு போனார். குண்டூசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. நீ அங்கே இல்லையே என்று அந்த நிமிடம் என் மனசு அடித்துக்கொண்டது.

யாரோ ஒரு பெண்ணின் அம்மா, பிஸ்கட் நல்லா இருக்கே, அம்மா வந்துட்டாங்களா என்று கேட்டார். இன்னும் இல்ல என்றாள் இவள். இல்லை என்று சொல்லவில்லை. இன்னும் இல்ல என்றாள். கவனித்தாயா?

திரும்பி நடந்து வரும்போது, அம்மா இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டாள். நான் அவளிடம் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. பென்சில் சீவுகிற காதுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஒரு தாள் கிழித்து, கையை வைத்து வரைந்து கொடுத்தாள். நான் ஃபோன்ல பேச மாட்டேன், இதை அனுப்புங்க என்றாள்.

நீ எதற்காகப் போனாயோ, பாதியில் நின்ற அந்த வீடு முடிந்துவிட்டது. கடைசி ஜன்னல் கதவும் மாட்டியாகிவிட்டது. எனக்கும் கைவசம் வேலை நிறைய இருக்கிறது, இரண்டு கட்டடம் பேசி வைத்திருக்கிறேன். இதைத் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன். நீ கிளம்பின அன்றைக்கு, நடுவில் கூப்பிட்டால் உடைந்துவிடுவேன் என்று சொல்லி, எப்போதும் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன் என என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாய். மூன்று வருடம் காப்பாற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்துப் பார், எங்கேயும் அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. கையெழுத்து உன்னுடையது, முடிவும் உன்னுடையது. நீ எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்தான்.

இப்போது அந்தக் காகிதத்தைப் பிரித்து, உன் வலது கையை அதன் மேல் வை. நடுவிரல் நுனியில் மட்டும் இன்னும் ஒரு நகத்தளவு குறையும். அது அவளே அளந்து பார்த்துச் சொன்னது. இந்த வரிக்குக் கீழே இதையும் எழுதச் சொன்னாள்: அது மட்டும்தான் பாக்கி இருக்கு, அது வளர்றதையாவது அம்மா பக்கத்துல இருந்து பார்க்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். முக்காலியைக் கேட்க மறக்காதே. உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

இப்படிக்கு,
பெரிய கைக்காரனான
உன் மேஸ்திரி