நீ நிறுத்தச் சொன்ன மாத்திரை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும். உன் பெண்ணைப் பற்றி மட்டும் அப்படி ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் போனை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு போய் மழை பெய்த கதையைச் சொல்லுவாள்.

பிறந்ததும் பிள்ளையின் குதிகாலில் குத்தி ஒரு தாளில் சொட்டு ரத்தம் எடுத்தார்களே, அதில்தான் தைராய்டு சரியில்லை என்று தெரிந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கழுத்தில் அந்தச் சுரப்பியே உருவாகவில்லை. உன்னிடம் நாங்கள் என்ன சொன்னோம்? என்னமோ கொஞ்சம் குறைவாம், ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றோம். தூரத்தில் இருக்கிறவனிடம் கெட்டதைச் சொல்லக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கமாயிற்றே. உன் அம்மா குழாயடியில் விழுந்து கை ஒடிந்ததையே கட்டுப் பிரித்த பிறகுதானே உனக்குச் சொன்னோம். பிள்ளை விஷயத்திலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம்.

மருமகள் தினமும் காலையில் மாத்திரையைக் கரண்டியில் நசுக்கி, கொஞ்சம் தாய்ப்பால் விட்டுக் கரைத்து, ஒரு துளி சிந்தாமல் புகட்டிவந்தாள். பிள்ளையும் தொண்டை கிழியக் கத்தும். கீழே கடையில் நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தால் அங்கேவரை கேட்கும், அப்பனை உரித்து வைத்த குரல் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். அப்போதுதான் உன்னோடு வேலை பார்க்கிற எந்த மேதாவியோ சொன்னான் என்று, பச்சைப் பிள்ளைக்கு ஹார்மோன் மாத்திரை கெடுதல், நன்றாகத்தானே இருக்கிறாள், நிறுத்திவிடு என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறாய். பிள்ளை நன்றாக இருந்ததே அந்த மாத்திரையால்தானடா. மருமகள் எங்களிடம் மூச்சுவிடவில்லை. மருந்து அவள் பொறுப்பு என்று நாங்களும் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை எந்நேரமும் தூங்கிற்று, பசிக்குக்கூட அழவில்லை, என்ன சமர்த்து என்று கொஞ்சினோம். கை கால் சில்லிட்டது, வயிறு சரியாகப் போகவில்லை, குரல் கம்மிப்போனது. அப்போதும் நீ முகம் பார்க்கக் கூப்பிடுகிற நேரத்துக்குக் கன்னத்தைத் தட்டி எழுப்பி, கண் திறந்த நிமிஷத்தில் உனக்குக் காட்டினோம். நீயும் குண்டுப் பாப்பா என்று சந்தோஷப்பட்டாய்.

போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். மருமகள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மறந்துட்டேன் டாக்டர்" என்றாள். தினமுமா மறந்தாய் என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அத்தனை பேர் முன்னால் டாக்டரம்மா அவளை வறுத்தெடுத்துவிட்டார். நீயெல்லாம் பெற்றவளா என்று பக்கத்தில் நின்ற நர்ஸும் கேட்டாள். நானும் மருமகளை முறைத்துப் பார்த்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் விடாமல் கேட்ட பிறகுதான், "அவர்தான் வேண்டாம்னு சொன்னார் மாமா, அவர்கிட்ட ஒண்ணும் கேட்காதீங்க, தனியா இருக்கார்" என்றாள்.

டாக்டரம்மா சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். முதல் இரண்டு மூன்று வருஷம்தான் மூளை வளர்கிற காலமாம். மருந்தில்லாத அந்த வாரங்களில் என்ன போயிற்று, எவ்வளவு போயிற்று என்று இப்போது யாராலும் சொல்ல முடியாதாம். உட்காருகிறபோது, நடக்கிறபோது, பேசுகிறபோதுதான் தெரியுமாம். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம் என்றார், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று, ஆயுசுக்கும் கொடுக்க வேண்டும். நேற்று உன் பெண் பசித்து அழுதாள். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மருமகள்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை, மருந்துக் கரண்டியை யார் கையிலும் கொடுப்பதில்லை.

உன்மேல் கோபமில்லை என்று எழுத மாட்டேன், நிறைய இருக்கிறது. பாசத்தில்தான் செய்தாய், அதுவும் தெரியும். குளிரில் வெளியே திரியாதே, உடம்பைப் பார்த்துக்கொள். உன் பெண் உன்னை வாய் நிறைய அப்பா என்று கூப்பிட வேண்டும், அதுதான் உனக்கு என் ஆசீர்வாதம். இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, மருமகளுக்குப் போடு. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனருகே இரு, நான் கூப்பிட்டு டாக்டரம்மாவிடம் கொடுக்கிறேன். நிறுத்தச் சொன்னது நான்தான் என்று உன் வாயால் சொல். அந்த நர்ஸும் கேட்கும்படி சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா