வியாழக்கிழமை மத்தியான வகுப்பு

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

அன்பு மகன் ராபினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நாங்கள் இருவரும் இங்கே சுகம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லாமல் படுப்பதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஆனால் டீயில் மட்டும் இன்னும் குறையவில்லை, சொன்னால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார். நான்கு நாளாக விடாத மழை, சிப்காட் ரோட்டில் லாரிகள் நீந்திக்கொண்டு போகின்றன. ஆரணி ஆற்றிலும் தண்ணீர் வந்துவிட்டது. நம் தெருவுக்கு ஒன்றும் பயமில்லை, நீ செய்தியைப் பார்த்துவிட்டுப் பதறாதே.

போன வாரம் போனில், ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய். வேலையை விட்டுவிட்டு கிறிஸ்மஸுக்குள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடு, டிக்கெட் போடுகிறேன் என்றும் சொன்னாய். பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு விஷயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும், போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் அயர்லாந்துக்குப் புறப்படுகிற ஆரோக்கியமேரியின் மகளிடம் இறால் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

மே மாதம் முழுக்க நானும் திலகவதி டீச்சரும் உட்கார்ந்து நம் பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பாடத்திட்டம் போட்டது உனக்குத் தெரியும். சபைப் பள்ளி என்றால் தமிழ், கணக்கு, கொஞ்சம் இங்கிலீஷ், மனப்பாட வசனம், அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கமிட்டிச் செயலாளர் தானியேல் அண்ணன், வேன் வைத்து ஆள் பிடிக்கிற பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள், ஸ்போக்கன் இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் போதும் என்றார். அவர் கவலை நியாயம்தான். ஆனால் பத்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்குக் கையும் கண்ணும் வாயும் திறக்கவில்லையென்றால் பிறகு எந்த இங்கிலீஷ் வந்து திறக்கப் போகிறது? காலையில் பாடம் குறையாமல் நடக்கட்டும், மத்தியானத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். படம் வரைய ஒரு நாள், பாட்டுக்கு ஒரு நாள், மண்ணில் விதை போட ஒரு நாள். வேதப் பாடத்தில் பறவை வந்தால் பழவேற்காட்டுக்குக் கூட்டிப் போய்ப் பறவையையே காட்டினோம். வியாழக்கிழமை மட்டும் பேச்சு வகுப்பு. வீட்டில் உங்களுக்குப் பெருமையாக இருக்கிற பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றி எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றேன். ஒருத்தன் வலையில் கட்டுகிற மிதவை கொண்டுவந்தான். லோகு மிக்ஸி ஜாரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், அன்றைக்கு அவர்கள் வீட்டில் சட்னி இல்லை.

மூன்றாம் வகுப்பில் பிரின்சி என்று ஒரு பெண். நம்மிடம் படித்த சாம்சனின் மகள், அவன் இப்போது கம்பி மில்லில் காண்ட்ராக்ட் வேலை. அந்தப் பெண் ஒன்றாம் வகுப்பிலிருந்து வாய் திறந்ததில்லை. பெயர் கேட்டால் தரையைப் பார்க்கும். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு வியாழக்கிழமை தானாக எழுந்து முன்னால் வந்தது. கையில் அவள் அப்பனுடைய கேட் பாஸ். எங்கப்பா போட்டோ இதுல கீது, இத்த காட்னாதான் உள்ள உடுவாங்க, இது இல்லாங்காட்டி பெரிய ஆபீசரா இருந்தாலும் உடமாட்டாங்க என்று அப்படி ஒரு கம்பீரமாகச் சொன்னாள் ராபின், சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அட்டை இல்லாமல் அவள் அப்பன் அன்றைக்கு எப்படி உள்ளே போனான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாத்தியார் வேலை பார்க்கிறவளுக்கு அந்தப் புத்தி வேண்டாமா?

அவன் போகவில்லை. விடியற்காலை கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வழியில் விழுந்துவிட்டது என்று நினைத்து, மத்தியானம் வரை ரோடெல்லாம் குனிந்து தேடிக்கொண்டே நடந்து வந்திருக்கிறான். கடைசியில் வீட்டில் அவன் மனைவி ஞானம்மாவுக்குச் சந்தேகம் வந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்றான். கத்தவில்லை, அடிக்கவில்லை. உள்ளே வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கினான், வரேன் டீச்சர் என்றான், போய்விட்டான். பிரின்சி அப்படியே நின்றாள். அவன் இடத்தில் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். நானும் நம் சபை ஐயரும் போய் அந்தக் காண்ட்ராக்டரிடம் கேட்டதற்கு, பாத்துக்கலாம்மா, ஒருநாள் மில்ல நிறுத்திவெக்க முடியுமா என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சாம்சன் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளை பழையபடி வாயை மூடிக்கொண்டது, இந்த முறை தரையைக்கூடப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொள்கிறது. தன் வாயால்தான் அப்பனுக்கு வேலை போச்சு என்று அதன் மனதில் பதிந்துவிட்டது. எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

பெற்றோர் வாட்ஸ்அப்பில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. தானியேல் அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் வலித்தது. டீச்சரம்மா, நம்ம ஜனங்க கையில கீறதே ஒரு அட்டைதான், அத்த வெச்சி பாடம் நடத்தினா எப்டிம்மா என்றார். வீட்டிலிருந்து எந்தப் பொருளும் வகுப்புக்கு வரக் கூடாது, மத்தியான வகுப்புகளை மாதக் கடைசியோடு நிறுத்துவது என்று தீர்மானம் போட்டார்கள். அன்றைக்குத்தான் நீ போன் செய்தாய். விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

போன வியாழக்கிழமைதான் கடைசி வகுப்பு. யாரையும் பேசச் சொல்லாமல் கதை வாசித்து முடித்துவிடலாம் என்று இருந்தேன். வாசலில் சாம்சன். வேறு மில்லில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறான், இரவு ஷிப்ட், தூங்காமல் வந்திருந்தான், கண்ணெல்லாம் சிவப்பு. பிரின்சி அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பொருளு எதுவும் எட்தாரக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்களாமே டீச்சர், அதான் நானே வந்துகீறேன் என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கரும்பலகைக்கு முன்னால் போய் மகளைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நீ பேசனதால ஒண்ணும் கெட்டுப்போல, சொல்லு கண்ணு என்று மட்டும் சொன்னான்.

பிரின்சி கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாயெடுத்தேன், அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிறகு அவள் சொன்னாள்: இது எங்கப்பா. எங்கப்பா செய்ற கம்பி எல்லார் ஊட்லயும் கீது. செவுத்துக்குள்ள கீறதால யாருக்கும் தெரியாது.

அவ்வளவுதான் பேசினாள். சாம்சன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான், திலகவதி டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதேன், போனில் வேண்டாம் என்று வைத்திருந்த அழுகை அங்கே வந்துவிட்டது.

தீர்மானம் இன்னும் மாறவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கப் போகிறேன், சாம்சனும் கூட வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த முறை எது பள்ளிக்கு வரலாம் எது வரக் கூடாது என்று பெற்றோரையும் உட்காரவைத்துத்தான் திட்டம் போடுவேன். கொடுப்பார்களோ மாட்டார்களோ, கேட்காமல் விமானம் ஏற என்னால் முடியாது. இந்தக் கிறிஸ்மஸுக்கு டிக்கெட் போடாதே ராஜா, கோபித்துக்கொள்ளாதே.

வேளைக்குச் சாப்பிடு, ஊறுகாயையே சோறாக்கிவிடாதே. ஞாயிறு ஆலயத்துக்குப் போ. உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காக்கட்டும், உன் கைகளின் வேலையை ஆசீர்வதிக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அடுத்த தடவை போன் போடும்போது அப்பாவிடம் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிடச் சொல்லாதே. முப்பது வருஷம் அந்தப் பெயிண்ட் கம்பெனிக்குள் அவர் என்ன வேலை செய்தார் என்று கேள். நேற்று ராத்திரி சோறு போடும்போது நான் முதல்முறையாகக் கேட்டேன். சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் அன்பு அம்மா,
சுகிர்தா